சுத்தமாகத் திரும்பி வந்த கேரியர்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது அப்பாவின் பிடரிதான். இடது காதுக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு மச்சம். அதற்கு மேலே ஒட்ட வெட்டிய நரைமுடி. மடிப்புக் கலையாத வெள்ளைக் காலர். அப்பாவைப் போலவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள். அப்பாவாக இருக்க வழியில்லை. இது ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடை. இந்தக் கடை என்றில்லை, சாப்பாட்டுக்கு என்று பலகை மாட்டிய எந்தக் கதவுக்குள்ளும் அப்பா காலெடுத்து வைத்ததில்லை. அவருக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது.

அந்த ஆள் பெரிய வெள்ளைக் கிண்ணத்தின்மேல் குனிந்திருந்தார். வலது கையில் இரண்டு குச்சிகள், இடது கையில் குழிந்த கரண்டி. குச்சிகளால் நூடுல்ஸை உயர்த்தி, கரண்டிக்குள் வளையமாக இறக்கி, மேலே ஒரு இலையைக் கிள்ளிப் போட்டு வாய்க்குக் கொண்டுபோனார். உறிஞ்சுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. புதிதாகக் கற்றுக்கொண்ட கை அல்ல அது, பழகிப் பழகிச் சோம்பல் ஏறிய கை. பிறகு கரண்டியை வைத்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கின் இரண்டு பக்கத்தையும் ஒற்றினார், முதலில் வலது, அப்புறம் இடது. அப்படி ஒற்றுகிறவர் உலகத்தில் ஒருவர்தான்.

“உள்ள போம்மா. வாசல்ல இப்படி சிலை மாதிரி நின்னா பின்னாடி வர்றவங்க எல்லாம் பட்டினிதான்” என்றார் மேடம்.

மேடம் அவள் வேலை பார்க்கிற நீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைவி. நகரத்தின் எந்த மூலையிலிருந்து தண்ணீர் பாட்டில் வந்தாலும் அதில் என்ன இருக்கிறது, என்ன இருக்கக் கூடாது என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. மேடம் யாரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகிற ஆள் இல்லை. இன்று கூட்டிவந்ததற்குக் காரணம் இருந்தது. கடல்நீர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போனால்தான் அந்த ஊர் வரும். இரண்டு வருஷப் பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை. சிபாரிசு செய்தது மேடம்தான். வருகிறாளா இல்லையா என்று இன்று சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் அவள் போனில் சொல்லியாக வேண்டும். வரவில்லை என்றுதான் அவள் சொல்லப்போகிறாள்.

வழியில் மேடம் கேட்டார், ஏன் என்று. அவள் நாலு கடைகளைத் தாண்டும்வரை பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டவுடன் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கிடையாது. கடைசியில், “அப்பாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது மேடம். ஞாயித்துக்கிழமை போய் நான்தான் ஒரு வாரத்துக்குச் சமைச்சு வச்சுட்டு வரணும்” என்றாள்.

மேடம் நின்றுவிட்டார். “அதுக்காகவா?”

“ஆமா மேடம்.”

“எங்கப்பாவுக்கு உலகத்துல எதுவுமே ஒத்துக்காது. என்னையும் சேர்த்து” என்று மேடம் மறுபடி நடந்தார். “சரி, முதல்ல சாப்பிடு. வயிறு நிறைஞ்சா புத்தி மாறினாலும் மாறும். எனக்குத் தெரிஞ்ச ஒரு கடை இருக்கு.”

இந்தக் கடைதான் அது.

அவர்கள் வீட்டில் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதில்கூட இரண்டு கருத்து உண்டு. அப்பாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது என்பதில் இரண்டாவது கருத்து இருந்ததே இல்லை. அப்பா பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தார். எந்த பஸ் எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று எழுதிக்கொண்டு ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிற வேலை. மத்தியானம் அவருக்குச் சூடாகச் சோறு போக வேண்டும். காலையில் கட்டிக் கொடுத்தால் ஆறிவிடும். ஆறினால் ஒத்துக்காது. ஆகவே அம்மா தினமும் காலைச் சமையலை முடித்து, மத்தியானத்துக்குத் தனியாக இன்னொரு சமையல் செய்து, அடுக்குக் கேரியரில் வைத்து, துணியால் சுற்றி, பஸ் நிறுத்தத்துக்கு ஓடுவாள். டிப்போவுக்குப் போகும் மத்தியான பஸ் அங்கே சில நாள் நிற்கும், சில நாள் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு போகும். அம்மா ஒரு காலை நடைபாதையிலும் ஒரு காலைத் தார் ரோட்டிலும் வைத்துக்கொண்டு நிற்பாள். படியில் தொங்கியபடி கண்டக்டர் கையை நீட்டுவார். கேரியர் கை மாறும். பள்ளிக்கூட விடுமுறையில் அந்த வேலை அவளுக்கும் கிடைக்கும். துணியையும் தாண்டி அடிப்பாத்திரம் சுடும். சுடுகிறது என்று சொன்னால், “சுட்டாத்தான் அப்பா சாப்பிடுவாரு” என்பாள் அம்மா, அது கைக்குக் கிடைத்த பரிசு என்பதுபோல.

சாயங்காலம் கேரியர் அப்பாவோடு திரும்பி வரும். கழுவி, துடைத்து, பளபளவென்று. அம்மா அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே பார்ப்பாள். “ஒரு பருக்கை மிச்சம் இல்ல பாரு” என்று அவளிடம் காட்டுவாள். அப்பா நல்லா இருந்தது என்று ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அம்மாவுக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அந்தக் காலிப் பாத்திரம்தான்.

போன மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். அடுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் மட்டும் போனில், “சமைக்க ஆள் வச்சா அவருக்கு ஒத்துக்காதுடி, உனக்கே தெரியும்ல” என்றான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அப்பா வீட்டுக்குப் போவாள். அப்பா முன்னறையில் பேப்பர் படிப்பார். அவள் சாயங்காலம்வரை அடுப்படியில் நிற்பாள். ஆய்வுக்கூடப் பழக்கம், ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டுவாள். திங்கள், குழம்பு. செவ்வாய், பருப்பு. புதன், கீரை. குளிர்பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துத் தன் அறைக்கு வந்து விழுவாள். அடுத்த வாரம் போகும்போது டப்பாக்கள் காலியாக, கழுவி, பளபளவென்று அடுப்பு மேடையில் காத்திருக்கும். அவற்றைத் திறந்து பார்க்கும்போது அவளுக்கும் மனசுக்குள் ஏதோ ஒன்று நிறைந்தது உண்மைதான்.

“அடடே, யாரு இது. நம்ம தண்ணி டாக்டர்.”

அப்பாவுக்கு எதிரே, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் கையை ஆட்டினார். கண்டக்டர் மாமா. அதே மத்தியான பஸ்ஸின் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் அக்குளில் ஒரு பையை இடுக்கிக்கொள்ளாமல் அவருக்கு நடக்க வராது. அப்பாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்தார், அந்த முகத்தில் திருத்துவதற்கு ஏதோ பிழை இருப்பதுபோல.

“நீ பேசிட்டு வாம்மா” என்று மேடம் அவள் தோளைத் தொட்டார். “நான் அந்த மீன் தொட்டி பக்கத்துல உக்காந்துக்கறேன். எனக்குத் துணைக்கு மீன் போதும், கேள்வி கேக்காது.”

அவள் மேஜையருகில் போய் நின்றாள். மெழுகுத் துணி விரித்த சின்ன மேஜை. தகரக் குவளையில் குச்சிகளும் கரண்டிகளும். ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகள், முளைகட்டிய பயறு, வெட்டிய எலுமிச்சை, வட்டம் வட்டமாய்ச் சிவப்பு மிளகாய். அப்பாவின் கிண்ணத்தில் பாதி எலுமிச்சை பிழிந்து சக்கையாக மிதந்தது.

“பாப்பா” என்றார் அப்பா. “நீ எங்க இங்க?”

“ஆபீஸ்ல சாப்பிடக் கூட்டிட்டு வந்தாங்கப்பா. மேடம். கொஞ்ச நேரம்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பிடிபட்டவர் அவர். விளக்கம் சொல்கிறவள் அவள். காது மடல் சூடேறியது. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காதுதான் சுடும், வாய்க்கு வந்துசேரப் பாதி நாளாகும்.

“உக்காரும்மா, உக்காரு” மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டார். “நல்ல நேரத்துல வந்த. இந்தா, உன் டப்பா எல்லாம் இருக்கு. கழுவித் துடைச்சாச்சு. இவர்கிட்ட கொடுக்கலாம்னு கொண்டாந்தேன்.” பையைத் திறந்து அவர் ஒவ்வொன்றாக மேஜைமேல் அடுக்கினார். சீட்டுகள் இன்னும் ஒட்டியிருந்தன. திங்கள். செவ்வாய். புதன். அவள் கையெழுத்து. “என்ன அழகா எழுதி ஒட்டுற. மருந்துக்கடை மாதிரி. எனக்கு இப்ப கிழமையே உன் டப்பா பாத்துத்தான் தெரியுது.”

அப்பா தொண்டையைச் செருமினார். “அது வந்து...”

“புதன்கிழமை கீரைல மட்டும் உப்பு ஒரு மயிரிழை கம்மி. தப்பா நினைச்சுக்காத, குறை சொல்லல. மத்தபடி உங்கம்மா கை அப்படியே இருக்கு. கண்ண மூடிட்டுச் சாப்பிட்டா அந்தக் காலத்துக் கேரியர்தான்.”

அவள் மெதுவாகக் கேட்டாள். “அம்மா கைப்பக்குவம் உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?”

“நல்லா கேட்ட போ. என் பல்லு பாதி தேஞ்சதே உங்கம்மா சமையல்லதான். அப்ப இந்தக் கடை டிப்போ வாசல்ல இருந்துச்சு, தகரக் கொட்டகை. உங்கப்பாவுக்கு மத்தியானம் ஆனா இங்க வந்து இந்தச் சுடுதண்ணியக் குடிக்கணும். கேரியர் என் பங்கு. தனிக்கட்டைக்கு வேற யாரு சுடச்சுட... ஏன்யா கால மிதிக்கிற?”

அப்பா மிதிப்பதை நிறுத்தினார்.

“டிப்போ குழாய்ல கழுவுறதும் நான்தான். ஒரு பருக்கை ஒட்டியிருக்கக் கூடாது, அது இவரோட கண்டிஷன். கழுவினது சரியில்லன்னா திருப்பி அனுப்புவாரு.” மாமா சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மீசைக்குள் போய் ஒளிந்தது. “பாப்பாவுக்குத் தெரியாதா?”

மீன் தொட்டியின் மோட்டார் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. “நான் கை கழுவிட்டு வந்துடறேன்” என்று மாமா எழுந்தார். கை கழுவுகிற இடம் உள்ளே வலது பக்கம். அவர் வாசலைப் பார்த்துப் போனார்.

கடைக்கார அம்மாள் வந்தாள். குட்டையான, சுறுசுறுப்பான பெண். மணிக்கட்டில் ரப்பர் வளையங்கள். அவளை உற்றுப் பார்த்து, “மகள்? தண்ணி டாக்டர்?” என்றாள், தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைப்பதுபோல. “அப்பா நிறைய சொல்வார்.” கேட்காமலே ஒரு கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தாள். அப்பாவின் முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளர். அடியில் டின் பால் வெள்ளையாக ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. மேலே தொப்பி வைத்தாற்போலச் சின்ன வடிகட்டி. அதிலிருந்து கறுப்பாகக் காப்பி சொட்டத் தொடங்கியது. அதையும் யாரும் கேட்கவில்லை. அது வழக்கம். அப்பாவுக்கு இங்கே வழக்கம் என்று ஒன்று இருந்தது.

இங்கே அவர் மகளைப் பற்றிப் பேசியிருக்கிறார், நிறைய. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அவர் அவளிடம் பேசிய சொற்களைப் பொறுக்கினால் ஒரு டப்பாவின் மூடிகூட நிறையாது.

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெளிந்த சாறு. அடியில் கிடந்த நூடுல்ஸின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. கலங்கல் சோதனைக்கு வைத்தால் இது தேறிவிடும் என்று, அந்தக் கோபத்திலும், மூளையின் ஏதோ ஒரு மூலை குறித்துக்கொண்டது. ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். நன்றாக இருந்தது. எலும்பும் பட்டையும் வதக்கிய இஞ்சியும் சேர்ந்து தொண்டையில் இதமாக இறங்கியது. மோசமாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இவ்வளவு நன்றாக இருந்ததுதான் தாங்கவில்லை. அம்மா இதை ஒரு வாய் குடித்துப் பார்த்ததில்லை.

அண்ணன் பட்டம் வாங்கிய நாள் நினைவுக்கு வந்தது. நாலு பேரும் விழா முடிந்து நடந்துவந்தார்கள். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை, வாசலில் மின்விளக்குச் சரம். அம்மாவின் நடை அங்கே மட்டும் கொஞ்சம் குறைந்தது. வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே பார்த்தாள், அவ்வளவுதான். “வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு ஒத்துக்காது” என்றார் அப்பா. அம்மா வீட்டுக்கு வந்து, உடம்பிலிருந்த நல்ல சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். முந்தானையில் எண்ணெய் தெறித்தது. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. பெரியம்மாவுக்கு முடியவில்லை என்று ஆள் வந்து கூப்பிட்டபோதும் அம்மா காலையில் போய் சாயங்காலம் திரும்பினாள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு யார் இருக்கிறார்கள் என்று. தன் அக்காவை அம்மா அப்புறம் உயிரோடு பார்க்கவில்லை. இவ்வளவும் எதற்காக? டிப்போ வாசலில் இவர் குச்சி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

“அப்பா” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. “உங்களுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு யாரு சொன்னது?”

அப்பா வடிகட்டியைப் பார்த்தார். “உங்கம்மாதான் சொன்னா.”

“அம்மாவா?”

“கல்யாணம் ஆன புதுசு. எங்கயோ சாப்பிட்டு எனக்கு வயிறு கெட்டுப்போச்சு. ரெண்டு நாள் படுத்துட்டேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டா, இவருக்கு வெளியில ஒத்துக்காதுன்னு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொன்னா. பெருமையாத்தான் சொன்னா. நானும் ஆமான்னுட்டேன்.”

“எத்தன வருஷமா ஆமான்னீங்க?”

“விடு பாப்பா.”

“ஒத்துக்குதுன்னு தெரிஞ்ச பிறகு ஏன் சொல்லல?”

அவர் ஒரு இலையை எடுத்துக் கிள்ளினார். துளசியும் சோம்பும் கலந்தாற்போல ஒரு மணம் எழுந்தது. “உனக்குத் தெரியாது. நான் சாப்பிடும்போது எதிர்லயே நிப்பா. முகத்தையே பாத்துக்கிட்டு. உப்பு சரியா, காரம் சரியான்னு வாய்ல கேக்கமாட்டா, கண்ணால கேப்பா. ஒவ்வொரு கவளமும் பரீட்சை மாதிரி இருக்கும். கேரியர் திறந்தாலும் அந்தக் கண்ணு உள்ள இருந்து பாக்கற மாதிரியே... இங்க உக்காந்தா என்னை யாரும் பாக்க மாட்டாங்க. ஒரு மனுஷன் நிம்மதியா ஒரு வாய் சாப்பிடலாம்.”

இதைக் கேட்டு அவளுக்கு இரக்கம் வந்திருக்கலாம். வேறொரு நாளில், வேறொருவர் அப்பாவாக இருந்திருந்தால் வந்திருக்கும். இப்போது அவள் கண்முன் நின்றது அந்த எதிர்ப்பக்கம். கையில் கரண்டியோடு சுவர் ஓரமாக நின்ற அம்மா. அந்தக் கண் ஏன் அப்படிக் கேட்டது? ஆறிப்போச்சு என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன ராத்திரிகள் இருந்ததனால் கேட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத ஆளிடம் முகத்தைத் தவிர வேறு எதைப் படிப்பது?

“தட்டைத் தள்ளினது நீங்கதானப்பா” என்றாள். “அதுக்கப்புறம்தான் அம்மா நிக்க ஆரம்பிச்சாங்க. நான் சின்னப் பிள்ளைதான், ஆனா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அப்பா கிள்ளிய இலையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“நிம்மதியா நீங்க சாப்பிட்டீங்க. சரி. அம்மாவுக்கு நிம்மதி வேணாமா? மத்தியானச் சமையல் வேணாம், நான் பாத்துக்கறேன்னு ஒரு வார்த்தை. அம்மா படுத்திருப்பாங்க. பெரியம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்க. சும்மா வாசல்லயாவது உக்காந்திருப்பாங்க. நீங்க கேரியரைக் கழுவச் சொல்லியிருக்கீங்க. சரியா கழுவியிருக்கான்னு பாத்திருக்கீங்க.”

“அவ சந்தோஷப்படுவான்னுதான்.”

“அதான்பா” என்றாள். கைகளை மடக்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சண்டை போடத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து மேஜையில் இருவர் அரிசி மாவில் செய்த மெல்லிய தாளில் இலையும் இறாலும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு நின்றிருந்தது. சுருட்டுவது மட்டும் நடந்துகொண்டிருந்தது.

காப்பி சொட்டியது. ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழ மனமில்லாமல் நின்று, விழுந்தது. ஆய்வுக்கூடத்தில் இப்படித்தான் அவள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள், எந்தச் சொட்டில் நிறம் மாறும் என்று.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள் கடைசியாக. “அம்மாகிட்ட சொல்லல, அது அப்ப. ஒரு வருஷமா நான் வர்றேன். டப்பா டப்பாவா வைக்கிறேன். நீங்க அதைத் தூக்கிட்டுப் போய் மாமாகிட்ட கொடுக்கறீங்க.”

அப்பா கைக்குட்டையை எடுத்தார். மூக்கை ஒற்றவில்லை, கையிலேயே மடித்து வைத்துக்கொண்டார். “வேணாம்னு சொன்னா நீ ஞாயித்துக்கிழமை வரமாட்டேன்னு நினைச்சேன்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கடைக்குள் வந்தபிறகு முதல் தடவையாக முகத்தை நேராகப் பார்த்தாள். வயதான முகம். கன்னத்தில் ஒரு இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. இதைச் சொன்னால் அவள் உருகிவிடுவாள் என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்னதாகவும் தெரியவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறார். உண்மையாக இருந்ததுதான் இன்னும் எரிந்தது.

“வந்திருப்பேன்பா” என்றாள். “சமைக்காம வந்திருப்பேன். நாள் பூரா அடுப்புகிட்ட நின்னேன். நீங்க முன்னாடி பேப்பர் படிச்சீங்க. அந்த நேரத்துல ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருக்கலாம். இங்கயே வந்து உக்காந்து குடிச்சிருக்கலாம்.”

மீன் தொட்டிப் பக்கமிருந்து மேடம் திரும்பிப் பார்த்தார், பிறகு மீனையே பார்த்தார். அப்பாவும் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “உங்க ஆபீஸர் ஏன் திடீர்னு சாப்பிடக் கூட்டிட்டு வந்தாங்க?”

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். சொன்னாள். கடல், நிலையம், இரண்டு வருஷம், இன்று சாயங்காலம். வரமுடியாது என்று சொல்லப்போனதையும், ஏன் என்பதையும். ஆய்வறிக்கை வாசிப்பதுபோல ஒரே தொனியில் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். முடித்தபோது அவர் தோள் இரண்டும் லேசாக இறங்கின. நிம்மதியில் இறங்கினதா, வேறு எதனாலா, அவளுக்குப் புரியவில்லை.

“போயிட்டு வா பாப்பா” என்றார். “தாராளமா போயிட்டு வா. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல.”

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. கூண்டுக்குள்ளிருந்து கையசைத்து பஸ்ஸை அனுப்புகிற மாதிரி. அவள் ஒரு வருஷமாகத் தூக்கிச் சுமந்த பாரத்தை, மேஜைமேல் சிந்தினதைத் துடைப்பதுபோல ஒரு வீச்சில் வழித்துப்போட்டுவிட்டார். அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டியிருக்கும்.

“உங்களுக்குக் கஷ்டம் இல்லன்னு எனக்குத் தெரியுதுப்பா” என்று எழுந்தாள். “அம்மாவுக்குத்தான் தெரியாமயே போச்சு.”

டப்பாக்களை அவர் அவள் பக்கம் நகர்த்தினார், எடுத்துக்கொள் என்று. அவள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, திங்கள்கிழமையை மேலே வைத்து, காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் அவர் முன்னாலேயே திருப்பி வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“சூப் ஆறுதும்மா” என்றார் மேடம், அவள் தாண்டிப் போனபோது. வேறு எதுவும் கேட்கவில்லை.

“ஒரு போன் மட்டும் பேசிட்டு வந்துடறேன் மேடம்.”

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. சுவரில் சாய்ந்து நின்றிருந்த கண்டக்டர் மாமா அவளைக் கண்டதும் நிமிர்ந்தார். “பாப்பா, நான் ஒண்ணும்...” என்று ஆரம்பித்து, அக்குள் பையை இறுக்கிக்கொண்டார். பை காலியாக இருந்தது. “உங்கம்மா சாப்பாட்டை நான் ஒரு நாளும் வீணாக்கினதில்லம்மா” என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். அம்மாவின் மத்தியானச் சமையலை இத்தனை வருஷமும் ருசித்துச் சாப்பிட்ட ஒரே ஆள் இவர்தான். அம்மா இவர் முகத்தைப் படியில் தொங்கும்போது ஒரு நொடி பார்த்திருப்பாள், அதுவும் பஸ் நகரும் அவசரத்தில். அவரிடம் கோபப்பட முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சத்தம் குறைவாக இருக்கும் என்று ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். ஆராய்ச்சி நிலையத்தின் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தாள்.

மறுமுனையில் மணி அடித்தது. கண்ணாடிக்கு உள்ளே அப்பா தெரிந்தார், மாமா இருந்த பக்கம் மாறி, இப்போது வாசலைப் பார்த்து. டப்பாக்களின் கோபுரத்துக்குப் பின்னால் அவர் முகம் பாதிதான் தெரிந்தது. வடிகட்டியை எடுக்காமல், காப்பியைக் கலக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தபடியே நின்றவள், ஏதோ வித்தியாசமாகப் பட்டு, குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஒன்று நடைபாதையில் இருந்தது. ஒன்று தார் ரோட்டில் இருந்தது.

அப்படி நிற்பவளைக் கண்டு பஸ் ஒன்று வேகம் குறைத்து வந்தது. அது பஸ் நிறுத்தம் என்பதையே அவள் கவனித்திருக்கவில்லை. பஸ் எதிரே வந்து நின்று, கடையையும் கண்ணாடியையும் அப்பாவையும் முழுசாக மறைத்தது. படியில் நின்ற கண்டக்டர் இளவயதுக்காரர், அவளுக்கு முன்பின் தெரியாதவர். உடம்பை வெளியே சாய்த்து, ஏறுவதற்கு உதவியாக உள்ளங்கையை விரித்து அவளிடம் நீட்டினார்.

“ஹலோ, சொல்லுங்க” என்றது போன்.

அவள் நீட்டிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.